இன்வர்டு இல்லாத சைக்கிள்

1995 மே 8 முதல் 2024 செப்டம்பர் 30 வரை: இருபத்தொன்பது ஆண்டு, நான்கு மாதம், இருபத்துமூன்று நாள். ஓசூர் சிப்காட்டில் பம்பு உதிரிகள் செய்யும் ஓர் ஆலையின் வாசலில் ஆஞ்சப்பன் காவலுக்கு நின்ற காலம் இது. ஊர் பாகலூர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், வாசலில் தமிழ். லாரிகளை அதட்டுவதற்கென்று கொஞ்சம் இந்தியும் வைத்திருந்தார்.

அவர் மேசையில் இரண்டு நீள நோட்டுகள் இருக்கும். உள்ளே வரும் பொருளுக்கு இன்வர்டு நோட்டு, வெளியே போகும் பொருளுக்கு அவுட்வர்டு நோட்டு. ஆலையில் செய்த சரக்கு தனிச் சீட்டோடு போய்விடும். மற்ற எதுவானாலும் இன்வர்டில் பெயர் இருந்தால்தான் அவுட்வர்டில் ஏறும். டிபன் பையில் அடங்கும் சொந்தச் சாமானுக்கு மட்டும் எழுத்து வேண்டாம், பையைத் திறந்து காட்டினால் போதும்.

இந்தச் சட்டத்தின் கடுமையைப் பாஸ்கரனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். டூல்ரூமில் ஃபிட்டர், திருமங்கலத்துக்காரர். 2019இல் கைப்பிடி உடைந்த வீட்டுக் குக்கரை வேலையோடு வேலையாகச் சரிசெய்துவிடலாம் என்று ஆலைக்குள் கொண்டுவந்தார். அன்று ஆஞ்சப்பன் விடுப்பு. வாசலில் இருந்தவர் குக்கரை எழுதவில்லை. மறுநாள் புதுக் கைப்பிடியோடு வெளியே கிளம்பிய குக்கரை ஆஞ்சப்பன் நிறுத்தினார். ஐந்து ஆண்டுகளாக அது ஸ்டோர்ஸ் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. பாஸ்கரன் வீட்டில் வேறு குக்கர் வாங்கிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. அலங்காரம் செய்த லாரி. சரக்கோடு வரும் ஒவ்வொரு லாரியையும் சுற்றி வந்து பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். சீட்டைப் பார்ப்பதற்கு முன் நெற்றிப் பலகையைப் பார்ப்பார். குஞ்சம், கண்ணாடி, மயில், பின்பக்கத்து வாசகம், எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. பெல்காமிலிருந்து வரும் ஓட்டுநர் ஒருவர் இறங்கும்போதே, “அண்ணா, எஷ்டு மார்க்கு?” என்பார். “ஆறு. போன தடவ இருந்த கிளி எங்கய்யா?” என்பார் இவர். பஞ்சாப் லாரி ஒன்று ஒருமுறை ஒன்பது வாங்கியது. பத்து யாருக்கும் கிடைத்ததில்லை. அவரே வீட்டுக்குப் போவது டவுன் பஸ்ஸில்.

ஜூன் மாதம் கேண்டீனில் அவருடைய ஓய்வுப் பரிசு பற்றிப் பேச்சு வந்தது. அந்த ஆலையில் ஓய்வு பெறுகிறவருக்குச் சுவர்க்கடிகாரம் கொடுப்பது வழக்கம். மாலை, சந்தனம், கடிகாரம், பிறகு கணவனையும் மனைவியையும் கம்பெனிக் காரில் வீடுவரை கொண்டுபோய் விடுவது.

“அவருக்குக் கடியாரமா?” என்றார் தமிழ்செல்வி. கல்லாவிக்காரர், பெயின்ட் பிரிவில் பதினாறு வருடமாக இருக்கிறார். “ரெண்டு நிமிசம் லேட்டா வந்தா மூஞ்சப் பாத்தே சொல்றவரு. அவருதான் கடியாரம்.”

“பெறகு என்ன, லாரி வாங்கிக் குடுத்துருவமா?” என்று பாஸ்கரன் சிரித்தார்.

“லாரி வேணாம். லாரி மாதிரி.”

அடுத்த வாரச் சந்தைக்குக் குந்தாரப்பள்ளி போன பாஸ்கரன், மாட்டுத் தரகர் ஒருவர் வேலியோரம் சாய்த்துவைத்திருந்த சைக்கிளைப் பார்த்தார். எழுபது வயதாவது இருக்கும் சீமைச் சைக்கிள். கம்பி பிரேக், செயினை முழுக்க மூடும் பெட்டி, கழுத்தில் எழுத்து தேய்ந்த பித்தளைத் தகடு. தரகர் அதில் வைக்கோல் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். பேரம் பேசி முடிப்பதற்குள் பாஸ்கரனுக்கு இரண்டு டீயும் ஒரு கிடேரிக் கன்றின் வம்ச வரலாறும் கிடைத்தன.

அலங்கரிக்க இடம் ஆலைக்குள்தான் இருந்தது. ஆறு ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்குப் பொதுவாக வேறு முற்றம் ஏது? பெயின்ட் அறை, பாலிஷ் சக்கரம், கை தேர்ந்த ஆட்கள் எல்லாம் உள்ளே. மேலாளருக்கும் விஷயம் தெரியும், தெரியாதவர் போல நடந்துகொண்டார். ஆஞ்சப்பனுக்குத் தெரியாமல் ஆஞ்சப்பனின் வாசல் வழியாகக் கொண்டுபோவதுதான் சவால்.

சட்டத்தையே பிடித்துக்கொண்டார்கள். சைக்கிளைக் கழற்றினார்கள். ஜூலை 12இல் துருப்பிடித்த நடுச்சட்டத்தைத் தமிழ்செல்வி தூக்கிவந்து, “பெயின்ட் டெஸ்ட்டுக்குண்ணா, துரு மேல புடிக்குதான்னு பாக்கணும்” என்றார். பழைய இரும்புச் சட்டம் ஒன்று என்று ஆஞ்சப்பனே இன்வர்டில் எழுதினார். ஆகஸ்டில் சக்கரங்கள் இரண்டு தள்ளுவண்டிக்கென்றும், மட்கார்டும் செயின் பெட்டியும் கைப்பிடியும் பழைய தகடு, குழாய் என்று தமிழ்செல்வியின் மறு டெஸ்ட்டுக்கும் வந்தன. அவற்றையும் எழுதினார். மற்றதெல்லாம் டிபன் பைகளில். செயின் ஒருவர் பையில், மணி ஒருவர் பையில், சீட்டின் ஸ்பிரிங்குகள் தயிர்சாத டப்பாவுக்குக் கீழே. பதினாலு வட்டக் கண்ணாடிகளைப் பதினாலு பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துவந்தார்கள்.

“இது எதுக்கும்மா?”

“பொட்டு வெக்கண்ணா.”

அவர் தலையாட்டி உள்ளே விட்டார்.

செப்டம்பர் 30 பகல் ஒரு மணிக்குக் கேண்டீனில் கூட்டம். பட்டுப்புடவையில் மங்கம்மா கணவருக்குப் பக்கத்து நாற்காலியில். கார் சவாரிக்காகக் காலையிலிருந்தே தயாராக இருந்தார். மேலாளர் நான்கு வாக்கியம் பேசினார், மாலை விழுந்தது. பாஸ்கரனும் தமிழ்செல்வியும் ஒரு தார்ப்பாயை இழுத்தார்கள்.

முதலில் கண் கூசியது. கைப்பிடியிலிருந்து முன்சக்கரம் வரை பதினாலு கண்ணாடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி ஆஞ்சப்பன். கைப்பிடி முனைகளில் கறுப்பு, சிவப்புக் கம்பளிக் குஞ்சங்கள். செயின் பெட்டி முழுக்கத் தோகை விரித்த மயில், தமிழ்செல்வியின் கைவேலை. முன் மட்கார்டில் முறைக்கும் பூதமுகம், அதன் கீழே எலுமிச்சை, மிளகாய். பெரிய பித்தளை மணி, ரப்பர் குமிழ் வைத்த ஊதுகுழல், அது போதாதென்று லாரியில் வருவது போலப் பாட்டு ஹாரன். சக்கரக் கம்பிகளில் கலர் மணிகள். பின் தகட்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ‘நிதானம்’. அதற்கு மேல் நம்பர் பிளேட்டு, ஓசூரின் TN 70 என்று தொடங்கி அவர் வேலையில் சேர்ந்த தேதி.

ஆஞ்சப்பன் எழுந்தார். மாலையோடு சைக்கிளைச் சுற்றி வந்தார். இரண்டாவது தடவையும் சுற்றினார். குனிந்து மயிலின் கால் விரல்களை எண்ணினார். ரப்பர் குமிழை அமுக்கிப் பார்த்தார். அது எருமை போலக் கத்தியது, கேண்டீன் குலுங்கியது.

“எவ்வளவுண்ணா மார்க்கு?” என்று கூட்டத்திலிருந்து குரல்.

“ஒன்பதர.”

“அர எங்கண்ணே போச்சு?”

“பின்னால ரிஃப்ளெக்டர் இல்லயேப்பா. லைட் இல்லாத ரோட்டுல போனா எவன் இடிப்பான்னு தெரியாது.” சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மங்கம்மா மட்டும் தாவாங்கட்டையில் கை வைத்தார். “அய்யோ ராமா! கோயில் தேர் மாதிரி இருக்குது. இத எங்க நிறுத்தறது, வூட்டுக்குள்ளயா?”

“நம்ம கட்டிலை வெளிய போட்ரலாம்” என்றார் கணவர்.

எல்லோரும் கைதட்ட, அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். பின்னால் நாற்பது, ஐம்பது பேர். மணி ஒன்று இருபது. தடுப்புக் கம்பிக்குப் பத்தடி முன்னால் வந்ததும் நின்றார். பழக்கத்தில் மேசையைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார்.

“இது எப்ப உள்ள வந்துச்சு?”

எப்படி உள்ளே கொண்டுவருவது என்று மூன்று மாதம் திட்டம் போட்டவர்கள், எப்படி வெளியே கொண்டுபோவது என்பதை ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை.

“நான் லீவே போடலியே. சைக்கிள்னு ஒரு எழுத்து நான் எழுதல. வந்ததுக்கு எழுத்து இல்ல, எப்படி வெளிய போவும்?”

“அண்ணே, வெளையாடாதீக. இது ஒங்களுக்குக் குடுத்தது.”

“எனக்குக் குடுத்ததுனாலதான் பாஸ்கரா சொல்றேன்.”

மேலாளர் முன்னால் வந்து தானே ஒரு பாஸ் எழுதித் தருவதாகச் சொன்னார். ஆஞ்சப்பன் தலையாட்டி மறுத்தார். “உள்ள வராத சாமானு வெளிய போவுதுன்னு நீங்க கையெழுத்துப் போட்டா, நாளைக்கு எவனாச்சும் ஒரு மோட்டாரத் தூக்கிட்டு இதக் காட்டுவான் சார்.” மேலாளர் பேனாவை மறுபடியும் சட்டைப்பையில் செருகினார்.

“இன்னும் நாப்பது நிமிசம்” என்று தமிழ்செல்வி கிசுகிசுத்தார். “ரெண்டு மணிக்கு இவரு டூட்டி முடிஞ்சிடும். நிர்மலா அக்கா வந்து உட்டுடுவாங்க.”

நிர்மலா ஒரு மணிக்கே வந்து அவருக்குப் பதில் வாசலில் இருந்தார். மதிய ஷிப்டுக் காவலர், பதினோரு வருடமாக இவரோடு வாசலைப் பங்கு போட்டுக்கொண்டவர். தொப்பியைச் சரிசெய்தபடி சொன்னார்: “நல்ல ஐடியா சொன்ன போ. இத்தன வருசத்து நோட்டுல ஒரு கோணல் கெடையாது. மொதக் கோணல் அவரு வண்டியாவே இருக்கட்டும்னு சொல்றியா? நான் உட மாட்டேன்.”

ஆஞ்சப்பன் சைக்கிளின் கைப்பிடியை விடவில்லை. குஞ்சத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த வண்டி வேண்டும். அங்கே நின்ற யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒன்பதரை மார்க் வாங்கிய வண்டி அவருடையதாகவே இருந்தது, அதை ஸ்டோர்ஸ் அலமாரிப் பக்கம் தள்ளிவிட்டுக் கடிகாரம்கூட இல்லாமல் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அல்லது கண்ணை மூடிக்கொண்டு பத்தடி தள்ள வேண்டும். பத்தடிதான்.

“ஏங்க, கார் நிக்குது” என்றார் மங்கம்மா. பிறகு அவர் முகத்தைப் பார்த்து, குரலை இறக்கி, “இருங்க, இருங்க. யோசிங்க” என்றார்.

ஆஞ்சப்பன் திடீரென்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “சரி, எனக்கு ஒண்ணு தெரியணும். எப்படிக் கொண்டாந்தீங்க?”

தமிழ்செல்வி ஓரடி முன்னால் வந்தார். “டிபன் பையிலண்ணா.”

“சட்டமுமா?”

“அது நீங்கதான் எழுதுனீங்க. பெயின்ட் டெஸ்ட்டு.”

அவர் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். ஜூலை 12. பழைய இரும்புச் சட்டம் ஒன்று. ஆகஸ்ட் 3. சக்கரம் இரண்டு, பழைய தகடு, குழாய். தன் கையெழுத்தைத் தானே முறைத்தார். பிறகு கண்ணாடிகளை நிமிர்ந்து பார்த்தார். “பதினாலு பொம்பளைங்க பொட்டு வெக்கறதுக்கு! போன மாசம் பூரா, இந்தப் பொண்ணுங்களுக்கு என்ன ஆச்சு, இத்தன தடவ மூஞ்சி பாக்கறாங்கன்னு நான் யோசிச்சேன்டா!”

அவர்தான் முதலில் சிரித்தார். தொப்பை குலுங்க, மாலைப் பூ உதிர, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் நோட்டில் விரலை வைத்துத் தட்டினார்.

“சைக்கிள்தான் உள்ள வரல. சட்டம் வந்துருக்குது, சக்கரம் வந்துருக்குது, கண்ணாடி வந்துருக்குது. வந்த மாதிரியே போவட்டும். அவுங்கவுங்க கொண்டாந்தத அவுங்கவுங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. வாசலுக்கு அந்தாண்ட என்ன செஞ்சாலும் அது ரோடு.”

பாஸ்கரன் ஸ்பேனர் எடுக்க ஓடினார்.

“அண்ணே, அப்ப என் குக்கரு?” ஓடிக்கொண்டே கேட்டார்.

“குக்கர் குக்கராவேதான வந்துச்சு? அது அங்கயே இருக்கட்டும்.”

வாசலருகிலேயே முப்பத்தைந்து நிமிடத்தில் சைக்கிளைப் பிரித்தார்கள். இருநூறு வார்ப்புகளை ஒரு ஷிப்டில் எந்திரத்தில் பூட்டிக் கழற்றும் கைகள். பதினாலு பெண்களும் தங்கள் கண்ணாடி எது என்று சண்டை போட்டார்கள். எல்லாம் ஒரே மாதிரிதான், ஆனால் கொண்டுவந்தவர் கொண்டுவந்ததையே கொண்டுபோக வேண்டும் என்பதில் ஆஞ்சப்பன் கண்டிப்பாக இருந்தார். கடைசியில், அவரவர் பொட்டுப் பசை ஒட்டியிருந்ததை வைத்துத் தீர்த்துக்கொண்டார்கள்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. ஆஞ்சப்பன் பேனாவை நிர்மலாவிடம் நீட்டினார். “எனக்கு வர்ற சாமானுக்கு நானே கையெழுத்துப் போடக் கூடாது. நீ பாரு.”

வரிசை கிளம்பியது. நாற்பத்தாறு பேர், நூற்று முப்பத்தொரு பொருள். தமிழ்செல்வி தோளில் சட்டமும் தலையில் மயிலும் பூதமும் இருந்த தகடுகளுமாக வந்தார். ஒருவர் கழுத்தில் செயின். ஒருவர் ஊதுகுழலை ஊதியபடியே வந்தார். சட்டத்துக்காக நிர்மலா இன்வர்டைப் பார்த்து, “துருப்பிடிச்ச பழைய சட்டம்னு போட்டிருக்கு. இது மினுமினுக்குதே?” என்றார்.

“டெஸ்ட்டு பாஸ் ஆயிடுச்சு” என்றார் தமிழ்செல்வி.

உள்ளே வர வேண்டிய மதிய ஷிப்டு வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. கம்பெனி பஸ்கள் மூன்றும் ஹாரன் அடித்தன. சரக்கோடு காத்திருந்த லாரிக்காரர் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கடைசியாகப் பாஸ்கரன். உள்ளங்கையில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு ஆப்பு. பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் காட்டர் பின். நிர்மலா தலையாட்டப் போனார். ஓரமாக நின்ற ஆஞ்சப்பன் எட்டிப் பார்த்தார்.

“இது பழசு இல்லயே?”

“பழசு தேஞ்சு போச்சுண்ணே. நானே லேத்துல கடைஞ்சேன்.”

“எந்த இரும்பு?”

பாஸ்கரன் வானத்தைப் பார்த்தார். “நம்ம... கம்பெனி இரும்புதேன். துண்டு. குப்பைக்குப் போற துண்டு.”

“குப்பைக்கும் சீட்டு இருக்குது.”

பாஸ்கரன் காட்டர் பின்னை மேசையில் வைத்தார். கூட்டம் ஓவென்று கத்தியது. கோபத்தில் இல்லை, கடைசி விக்கெட் விழுந்தால் கத்துவது போல.

சாலைக்கு அந்தப் பக்கம் முனிவேலின் பஞ்சர் கடை. ஆலையின் ஸ்பேனர் வெளியே வராது என்பதால் அவருடைய கருவிகளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. நாற்பத்தாறு பேர் சாமான்களோடு சாலையைக் கடப்பதைப் பார்த்து அவர், “என்னப்பா, கம்பெனிய வித்துட்டாங்களா?” என்றார். விஷயம் கேட்டதும் காட்டர் பின் தேடி மூன்று டப்பாக்களைக் கொட்டினார். மூன்றாவதில் இருந்தது கொஞ்சம் பருமன். அரத்தால் தேய்த்துத் தேய்த்துப் பாஸ்கரன் உள்ளே இறக்கினார். முனிவேல் அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டு, தன் பங்காக ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரைப் பின்னால் திருகினார்.

பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் போய்விட்டார்கள். இருபது பேர் மிச்சம் இருந்து பூட்டினார்கள். மூன்றேகாலுக்கு ஆஞ்சப்பன் மாலையைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டி, யூனிஃபார்ம் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டார். ஏறியதும் வண்டி இரண்டு முறை இடதுபக்கம் சாய்ந்தது. அலங்காரத்தோடு சேர்த்து எடை சின்னக் கன்றுக்குட்டி அளவு இருக்கும். மூன்றாம் முறை நேராகப் போயிற்று.

கம்பெனிக் காரின் ஓட்டுநருக்குக் குழப்பம். ஓய்வு பெற்றவரை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட வேண்டும் என்பது உத்தரவு. ஓய்வு பெற்றவர் சைக்கிளில் போகிறார்.

“பின்னாலயே போப்பா” என்று மங்கம்மா காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். “என்ன ஒக்காரச் சொல்லாத வரைக்கும் அது நல்ல வண்டிதான்.”

பாகலூர்ச் சாலையில் முன்னால் பதினாலு கண்ணாடியும் பாட்டு ஹாரனுமாகச் சைக்கிள், பின்னால் ஆளோடும் ஏ.சி.யோடும் கார். எதிரே வந்த லாரி ஒன்று வேகத்தைக் குறைத்து, விளக்கடித்து, நீளமாக ஹாரன் கொடுத்தது. ஆஞ்சப்பன் ரப்பர் குமிழால் பதில் சொன்னார். பதின்மூன்று கிலோமீட்டருக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. நடுவில் இரண்டு இடங்களில் இறங்கி நின்று, கேட்டவர்களுக்கு வண்டியைச் சுற்றிக் காட்டினார். ஓட்டுநர் இரண்டு தடவையும் காரை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஆயுத பூசை அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. ஆலையில் பூசைக்கு நிற்கும் வண்டிகளின் வரிசையில் முதல் இடம் சைக்கிளுக்கு என்று மேலாளர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்று காலை ஏழரைக்கு ஆஞ்சப்பன் பாகலூரிலிருந்து கிளம்புகிறார். மங்கம்மா எட்டரை பஸ்ஸில் வருகிறார்.